இடது பக்கத்துச் சுவர்

என் வீட்டைக் கட்டியவர்களில் ஒருவருக்கும் வீட்டில் குடியிருந்து பழக்கம் கிடையாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

என் வீட்டுக்காரர், அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர், நான், நாலு பேருமே தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். நீளமாக ஒரே கூரை, அதன் கீழே வரிசையாகக் காம்பராக்கள், ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. இரண்டு காம்பராவுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரைவரை போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி விட்டிருப்பார்கள். பக்கத்துக் காம்பராவின் புகையும் இருமலும் சண்டையும் அந்த வழியாக நம் வீட்டுக்கு வந்துவிடும். அவசரமென்றால் சுவரைத் தட்டினால் போதும். அந்தப் பக்கத்துக் கதவு திறக்கிற சத்தம் கேட்கும், வாசலில் காலடி கேட்கும், பிறகு நம் கதவைத் தள்ளிக்கொண்டு ஆள் வந்து நிற்கும்.

எனக்கு அந்த லயமே வேண்டாம் என்று ஆகிவிட்டது. இரண்டு பிள்ளைகளை அங்கே பறிகொடுத்தேன், இரண்டும் கைக்குழந்தைகள். சளி என்றார்கள், புகை என்றார்கள், கண்ணேறு என்றும் சொன்னார்கள். சொல்வதற்கு லயத்தில் ஆளுக்கா பஞ்சம்? மூன்றாவது வயிற்றில் தங்கியதும் நான் என் வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். இந்தப் பிள்ளை ஜன்னல் வைத்த வீட்டில் வளர வேண்டும். வெளிச்சமும் காற்றும் இருந்தால் இது தங்கும். இல்லையென்றால் நானும் அதோடு போய்விடுவேன் என்று சொன்னேன். வெறும் மிரட்டல் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் மிரட்டவில்லை.

இலங்கையில் எங்கள் தோட்டத்து ஆட்களின் ஓட்டுரிமையைப் பறித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். அவர் தோட்டத்தில் பேர் பதிந்தவர் இல்லை, லிந்துலையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடை லொறியை ஓட்டினார். வயிற்றில் பிள்ளையோடு மலை ஏற முடியாமல் நான் வேலைக்குப் போவதை நிறுத்தியதும் என் பேரையும் வெட்டிவிட்டார்கள். பேர் இல்லாத ஆளுக்குக் காம்பரா கிடையாது. அந்த நேரத்தில்தான் கடை முதலாளி, தான் வாங்கிப்போட்டிருந்த காட்டுத் துண்டில் ஒரு மூலையை எங்களுக்குக் கொடுத்தார். நல்ல மனுஷர். ஆனால் அந்த இடத்தை வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

தார் ரோட்டிலிருந்து ஒற்றையடிப் பாதையில் நெடுந்தூரம் ஏற வேண்டும். முந்தி அங்கே ஒரு தோட்டத்தின் கடைசி மலையும் ஒரு லயமும் இருந்ததாம். ஏதோ ஒரு விஷக் காய்ச்சல் காலத்தில் லயத்தில் பாதிப் பேர் போய்விட, மிச்ச ஆட்களை இறக்கிக் கூரைத் தகரத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு கவாத்து வெட்டு என்பதே காணாத தேயிலை, மரமாக வளர்ந்து நின்றது. இடுப்பளவு செடியையே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, தலைக்கு மேலே பூத்து நிற்கும் தேயிலை மரம் வேறு ஏதோ காடாகத் தெரிந்தது. முதல் தடவை போனபோது நான் அண்ணாந்து பார்க்காமலே நடந்தேன்.

மானாப் புல்லை வெட்டித் தள்ளியபோது அடியில் கருங்கல் கடைக்கால் நீளமாகத் தெரிந்தது. பழைய லயத்தினுடையது. கூட்டாளிகளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். பாதி வேலை மிச்சம் என்றார்கள். நடுவில் ஓரிடத்தில் தரைகூட உடையாமல் நன்றாக இருந்தது. அதன் மேலேயே கட்டிவிடுவது என்று மூன்று பேரும் முடிவு செய்தார்கள்.

அந்தக் கூட்டாளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் ராகலைப் பக்கத்துக் கொத்தனார், தோட்டம் தோட்டமாகப் போய் லயம் கட்டியும் பூசியும் வாழ்ந்தவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி இருப்பார். இன்னொருவர் ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைக் கொழுந்து ஆலையில் வேலை செய்தவர், இவர் வாயை மூடினால்தான் ஆச்சரியம். இரண்டு பேரும் என் வீட்டுக்காரரோடு சின்ன வயதில் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் அவர்களுக்கு ஓய்வு. அந்த ஒருநாளையும் எங்களுக்குக் கொடுத்தார்கள். முதல் பஸ்ஸில் வருவார்கள், கடைசி பஸ்ஸில் போவார்கள். நான் ரொட்டியும் சம்பலும் செய்து வைப்பேன். ஹட்டன்காரர் என் ரொட்டியைக் கையில் வைத்து எடை பார்த்து, இதையே கடைக்காலுக்குப் போட்டிருக்கலாமே தங்கச்சி என்பார். எனக்குக் கோபம் வரும், ஆனால் இன்னும் ஒன்று வைப்பேன்.

மண்ணைக் குழைத்துச் சுடாத பச்சைக்கல் அறுத்துக் காயவைக்கிறவரை நான் கூட இருந்தேன். சுவர் எழும்பத் தொடங்கிய நேரம் எனக்கு மாதம் நெருங்கிவிட்டது. தோட்டத்தில் என் அக்கா காம்பராவில் கொண்டுபோய் விட்டார்கள். ஆண் பிள்ளை பிறந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பால் காய்ச்சுகிற அன்றைக்குத்தான் நான் மறுபடி மலை ஏறினேன். கூரை போட்டாயிற்று, சுவர் பூசியாயிற்று. மூன்று பேரும் தலைக்குக் குளித்து, விபூதி பூசி, வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் உள்ளே போனேன். இருட்டாக இருந்தது. முன்பக்கம் ஒரு கதவு, பின்பக்கம் ஒன்றுமில்லை. இடதும் வலதும் வெறும் சுவர். வெளியே வந்து வீட்டைச் சுற்றி நடந்தேன். இரண்டு பக்கத்து மூலைகளிலும் ஒன்றுவிட்டு ஒரு கல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அடுத்த காம்பராவைச் சேர்த்துக் கட்டும்போது பிடிப்புக்காக அப்படித்தான் விடுவார்கள். பத்துக் காம்பரா வரிசையில் நடுக்காம்பரா ஒன்றை அறுத்து எடுத்து அந்தக் காட்டில் வைத்தது மாதிரி நின்றது என் வீடு.

"நான் கேட்டது வீடு. நீங்க கட்டி வச்சிருக்கிறது காம்பரா" என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு சுவரைப் பார்த்தார்கள். அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் திகிலாக இருக்கிறது. ஜன்னல் வைக்கச் சொல்லி நான் கெஞ்சியதை என் வீட்டுக்காரர் மறக்கவில்லை, கூட்டாளிகளிடமும் சொல்லியிருக்கிறார். மூன்று பேரும் சரி என்று சொல்லிவிட்டு, சுவரை வைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். கொத்தனார் அண்ணன் நீட்டிக்கொண்டிருந்த கல்லை மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"கை அப்படியே போயிருச்சு தங்கச்சி" என்றார். "யாரோ பக்கத்துல இருக்காங்கங்கிற மாதிரியே கட்டிக்கிட்டு போயிருக்கேன்."

ஒரே ஒரு காரியம் மட்டும் அவர் லயத்துக்கு மாறாகச் செய்திருந்தார். பிள்ளைக்குக் குளிர் ஆகாது என்று, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் அந்த ஒரு முழ இடைவெளியை விடாமல், ஈரச் சாக்கும் மண்ணும் வைத்துக் காற்றுப் புகாமல் அடைத்திருந்தார். எல்லோரும் அதைப் பாராட்டினோம். நானும் பாராட்டினேன்.

அடுத்த ஞாயிறே வந்து இரண்டு பக்கமும் ஜன்னல் உடைத்து வைத்துவிடுகிறோம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. லிந்துலைப் பக்கத்தில் ஆனி ஆடி மழை என்றால் விடாது. பச்சைக்கல் சுவர் ஈரத்தில் இருக்கும்போது உளி வைத்தால் மொத்தமாகச் சரிந்துவிடும், மழை விடட்டும் என்று கொத்தனார் அண்ணன் சொல்லி அனுப்பினார்.

என் வீட்டுக்காரர் விடியும்போதே லொறிக்குப் போய்விடுவார். பிறகு நானும் பிள்ளையும் அந்தக் காம்பராவும்தான். மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கும். வாசலில் நின்று கையை நீட்டினால் விரல் தெரியாது.

முதல் வாரத்திலேயே அது தொடங்கிவிட்டது. ஒரு மத்தியானம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். இடது பக்கத்தில் அம்மி அரைக்கிற சத்தம் கேட்டது. நடுவில் நிறுத்தி, வழித்து, மறுபடி அரைக்கிற சத்தம். "என்னக்கா, இன்னைக்கு மலையிலேருந்து வெள்ளனவே வந்துட்டீங்க?" என்று நான் கேட்டேன். பிறந்ததிலிருந்து சுவரோடு பேசிய வாய், தானாகப் பேசிவிட்டது. அம்மிச் சத்தம் நின்றது. அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை என்பது எனக்கு நினைவுக்கு வந்தது.

பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தேன். பழைய கடைக்கால் புல்லுக்குள் நீண்டு போய் மூட்டத்தில் மறைந்தது. மழைத் தண்ணீர் கல் மேல் வழிந்துகொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

பிறகு அது தினமும் வந்தது. விறகு முறிக்கிற சத்தம், ஒரு பொம்பளையின் வறட்டு இருமல், பாத்திரத்தை நகர்த்துவது. பயமுறுத்துகிற சத்தம் ஒன்றுகூட இல்லை. அவள் பாட்டுக்கு அவள் வேலையைப் பார்க்கிறாள் என்றுதான் இருக்கும். அதுதான் என்னை உலுக்கியது. ஊளையிட்டால், சிரித்தால், பேய் என்று சொல்லி ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துப் போட்டிருப்பேன். அரிசி களைகிறவளை என்ன சொல்லி விரட்டுவது? வலது பக்கம் ஒருநாளும் ஒரு சத்தம் கேட்டதில்லை.

பிள்ளை அழும்போது அந்தப் பக்கத்தில் சத்தம் வந்தால் பிள்ளை நிறுத்திவிடும். தலையை அசைத்து இடது சுவரையே பார்க்கும். அதைக் கண்டபிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. காய்ச்சலில் செத்தவளுக்குப் பிள்ளை ஆசை இருக்காதா? இரண்டைப் பறிகொடுத்தவளுக்கு இப்படித்தான் யோசனை போகும். பாயை வலது பக்கம் மாற்றிப் போட்டேன். பிள்ளை தலையைத் திருப்பித் திருப்பி அழுது தீர்த்தது. வேறு வழியில்லாமல் பழைய இடத்திலேயே போட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் நம்பவும் இல்லை. பிறந்ததிலிருந்து பக்கத்துச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்த காது, சத்தமில்லாத இடத்தில் தானாக ஒன்றைக் கேட்கிறது, போகப் போகச் சரியாகும் என்றார். அப்படியும் இருக்கலாம் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். வீட்டை விட்டால் போவதற்கு இடம் ஏது? அக்காவின் காம்பராவில் ஏற்கெனவே கால் நீட்ட இடமில்லை. எங்கள் பழைய காம்பராவில் வேறு குடும்பம் வந்துவிட்டது.

மழை கூடக் கூடக் குளிரும் ஏறியது. பிள்ளையின் துணி காயவே இல்லை. கடையிலிருந்து அவர் ஒரு சாக்குக் கரி கொண்டுவந்து போட்டார். ஒரு பழைய சட்டியில் தணல் அள்ளி வீட்டுக்குள் வைத்தேன். லயத்தில் எல்லோரும் செய்கிறதுதான். கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டால் காம்பரா கதகதப்பாகிவிடும். பிள்ளை நன்றாகத் தூங்கினான். நன்றாகத் தூங்குகிறானே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அன்றைக்கு மத்தியானம் காற்று பலமாக அடித்தது. கொண்டியை நானே போட்டேன், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். தணல் சட்டியைப் பாய்ப் பக்கத்தில் இழுத்து வைத்துவிட்டு நானும் சாய்ந்தேன். தலை பாரமாக இருந்தது. இடது பக்கத்தில் அவள் இருமுகிற சத்தம் விடாமல் கேட்டது. என்ன இன்றைக்கு இவளுக்கு இவ்வளவு இருமல் என்று எரிச்சலாகக்கூட இருந்தது. அந்த எரிச்சலில்தான் கண்ணைத் திறந்தேன்.

பிள்ளையைத் தொட்டேன். துணி மாதிரிக் கிடந்தான். வாயில் மார்பை வைத்தேன், உதடு அசையவில்லை. எழுந்திருக்கப் பார்த்தேன், கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. கத்தினால் கேட்க அந்த மலையில் ஆள் கிடையாது, கத்தவும் குரல் வரவில்லை. மூன்றாவதும் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது நான் யோசித்து எதையும் செய்யவில்லை. லயத்துப் பொம்பளை எதைச் செய்வாளோ அதைச் செய்தேன். இடது சுவரைத் தட்டினேன்.

இருமல் நின்றது. அந்தப் பக்கத்தில் ஒரு கதவு திறந்தது. கீல் முனகுகிற சத்தம்கூடக் கேட்டது. பிறகு காலடி. ஈர வாசலில் வெறுங்கால் வேகமாக வருகிற சத்தம், சுவர் முடிந்து மூலை திரும்பி எங்கள் வாசலுக்கு வந்தது. கொண்டி தெறித்துக் கதவு சுவரில் மோதித் திறந்தது.

வாசலில் யாரும் இல்லை. மூட்டமும் காற்றும் ஒன்றாக உள்ளே வந்து என் முகத்தில் அறைந்தன. அந்தக் குளிரில் எனக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. பிள்ளையை ஒரு கையால் இழுத்துக்கொண்டு தவழ்ந்து போய் நிலைப்படிக்கு வெளியே தலையைப் போட்டேன். மழை அவன் முகத்தில் விழுந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அவன் இருமினான், வாந்தியெடுத்தான், அழுதான். அந்த அழுகையைக் கேட்டு நானும் வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் தோட்டத்து மருந்து ஐயாவிடம் கொண்டுபோனோம். அவர் கேட்டதும் என்னைத் திட்டினார். காற்றுப் போக வழியில்லாத அறையில் கரித் தணல் வைத்தால் விஷக் காற்றுக் கட்டிக்கொள்ளும், தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும் என்றார். லயத்தில் இத்தனை காலம் ஒன்றும் ஆகவில்லையே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். லயத்துச் சுவரில் மேலே இடைவெளி இருக்கிறதே ஐயா என்று அவரே பதிலையும் சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் கேட்ட சத்தமெல்லாம் அந்த விஷக் காற்றுச் செய்த வேலை, கதவைத் திறந்தது வெளிக்காற்று என்று மருந்து ஐயா சொன்னார். தணல் சட்டி வைப்பதற்கு முன்னாலேயே அம்மிச் சத்தம் கேட்டேனே என்று நான் சொல்லவில்லை. படித்தவரிடம் எதற்கு வாதம்?

அடுத்த ஞாயிறு மழை விட்டிருந்தது. கூட்டாளிகள் வந்தார்கள், ஆனால் உளியோடு மட்டும் வரவில்லை, கயிறும் சாக்கும் கொண்டுவந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் முதலிலேயே சொல்லி அனுப்பியிருக்கிறார். ஹட்டன்காரர் அன்றைக்கு ஒரு கேலிகூடப் பேசவில்லை. வாசலில் நின்று தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். கொத்தனார் அண்ணனுக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் கையால் அடைத்த இடைவெளியை அண்ணாந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எடம் சரியில்ல" என்றார் என் வீட்டுக்காரர். "சாமானக் கட்டு. அக்கா வீட்டுல நெருக்கிக்கிட்டு இருப்போம்."

நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நகராமல் இருந்தேன். அந்த மலையில் அதிகமாகப் பயந்தவள் நான்தான். ஆனாலும் எனக்கு அவர்மேல் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

"லயத்துல ரெண்டு தடவ சுவத்தத் தட்டினேன்" என்றேன். "வந்தாங்க. கூட ஒக்காந்து அழுதாங்க. பிள்ள ரெண்டும் போயிருச்சு. இங்க ஒரு தடவதான் தட்டினேன். இந்தா இருக்கான். நான் எங்கயும் வரல."

 கொத்தனார் அண்ணன் கயிறைக் கீழே போட்டுவிட்டு, பலகையில் ஏறி முதல் காரியமாகக் கூரையடி மண்ணையும் சாக்கையும் பிடுங்கி எறிந்தார். பிறகு உளியை எடுத்துக்கொண்டு இடது சுவருக்குப் போனார். பள்ளத்தாக்கும் காலை வெயிலும் அந்தப் பக்கம்தான்.

"அண்ணே, அதுல வேணாம். அந்தப் பக்கம் ஆள் இருக்காங்க."

அவர் உளியை இறக்கினார். வலது சுவருக்குப் போய் அங்கே அளந்தார். மூன்று பேருமாக மெதுவாகக் கல்லை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். சாயங்காலத்துக்கு முன்னால் ஜன்னல் திறந்துவிட்டது. மாலை வெயில் ஒரு பாய் அளவுக்கு உள்ளே வந்து தரையில் விழுந்தது. ஹட்டன்காரர் அந்த வெளிச்சத்தில் நின்று, மருமகனே, இங்கே பார் என்று விரலைச் சொடுக்கிப் பிள்ளையைக் கூப்பிட்டார்.

பிள்ளை அந்தப் பக்கம் திரும்பவில்லை. இடது சுவரைப் பார்த்து, பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தான்.

எனக்குப் பிறந்த மூன்றில் சிரிக்கிற நாள்வரை தங்கியது அவன் ஒருவன்தான். அந்த முதல் சிரிப்பு என்னைப் பார்த்துச் சிரித்தது இல்லை. எனக்குப் பயமாக இருக்கவில்லை, பொறாமையாக இருந்தது. ஆனாலும் அவனை நான் என் பக்கம் திருப்பவில்லை. அவள் பார்த்து முடிக்கட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.